ஜேசன் அரேயில் எந்த லூப்? குமரி அணைகளின் நீர்மட்டத்தை வைத்து ஓர் ஒப்பீடு

மழைக்காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் காலையில் எழுந்ததும் பலரும் தேடுவது ஒரே பட்டியலைத்தான். பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி, பாலமோரில் எவ்வளவு மழை, திற்பரப்பு அருவியில் இன்று குளிக்க விடுவார்களா. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. அதனால் ஜூனிலும் இந்தத் தேடல் உண்டு, நவம்பரிலும் உண்டு. கன்னிப்பூ நெல் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் வருமா என்று பார்க்கும் விவசாயிக்கும், குழித்துறையில் ஆற்றோரம் வீடு இருப்பவருக்கும் அன்றைய வேலையே இந்த எண்களைப் பொறுத்தது.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ புதிதாக ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறவர் பயிற்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், இந்தப் பட்டியலை ஒரு வலைப்பக்கமாகக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். டேட்டா ஜேசனாக (டேட்டாவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) இருக்கும், அதில் ஒரு அரே (வரிசைப் பட்டியல்) இருக்கும், அதை லூப் போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றித் தேவையான மதிப்புகளை எடுக்க வேண்டும். கேட்க எளிது. உட்கார்ந்ததும் முதல் குழப்பம் வந்துவிடும்: ஃபார், ஃபார்-இன், ஃபார்-ஆஃப், ஃபார்ஈச், மேப், ஃபில்டர், ரெடியூஸ் என்று இத்தனை வழி இருக்கிறதே, எதை எடுப்பது?

இந்தக் கட்டுரைக்கு ஐந்து அணைகளை எடுத்துக்கொள்கிறேன். முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு ஒன்றுக்கும் இரண்டுக்கும் தலா 18 அடி, மாம்பழத்துறையாறுக்கு 54.12 அடி. இன்றைய மட்டமும் மழையும் மட்டும் உதாரணத்துக்காக நான் போட்ட எண்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

{ "பெயர்": "பேச்சிப்பாறை", "மட்டம்": 45, "முழு": 48, "மழை": "12.4" }

மற்றவை: பெருஞ்சாணி 71.5 அடி, மழை "8.6". சிற்றாறு ஒன்று 14 அடி, மழை காலி ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் எழுத்தே இல்லை). சிற்றாறு இரண்டு 14.1 அடி, மழை 0. மாம்பழத்துறையாறு 54.12 அடி, மழை நல் (null, மதிப்பே இல்லை). மழை என்ற கீயில் (மதிப்புக்கு வைத்த பெயரில்) ஒன்று ஸ்ட்ரிங், ஒன்று எண், ஒன்று காலி, ஒன்று நல் என்று கலந்து கிடப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். பல இடங்களில் பலர் கையால் ஏற்றும் டேட்டா பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும்.

கீயின் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாக வைக்கலாம். ஜேசன் கீ எந்த மொழியிலும் இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் வேரியபிள் பெயரும் தமிழில் இருக்கலாம், அணை.மழை என்று புள்ளி வைத்தே எடுக்கலாம். கீயில் இடைவெளியோ சிறுகோடோ இருந்தால் புள்ளி வேலை செய்யாது, சதுர அடைப்புக்குள் மேற்கோளோடு தர வேண்டும். மொழியின் சொந்தச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும்.

லூப்புக்கு முன்னால்

எந்த லூப் என்று யோசிப்பதற்கு முன்னால், கையில் இருப்பது உண்மையிலேயே அரேதானா என்று பாருங்கள். லூப் ஓடவில்லை என்று வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் முடிந்துவிடுகிறது.

சர்வரிலிருந்து வருவது வெறும் எழுத்து. அதை ஜேசன்.பார்ஸ் வழியாக அனுப்பினால்தான் அரேயாகவோ ஆப்ஜெக்டாகவோ (கீயும் மதிப்பும் ஜோடியாக உள்ள பதிவு) மாறும். ஃபெட்ச் பயன்படுத்தினால் ரெஸ்பான்ஸின் ஜேசன் மெத்தடே அதைச் செய்துவிடும், ஆனால் அது பிராமிஸ் (பிறகு வரப்போகும் மதிப்பு) தருவதால் அது வரும்வரை காத்திருக்க அவெய்ட் போட வேண்டும். பார்ஸ் செய்யாத எழுத்தின் மேல் ஃபார்-ஆஃப் ஓட்டினால் எரர் வராது. சதுர அடைப்பு, சுருள் அடைப்பு, மேற்கோள் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கன்சோலில் கொட்டும். அதைப் பார்த்தால் பார்ஸ் விட்டுப்போயிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, அரே வெளியே நேரடியாக இருக்காமல் ஒரு ஆப்ஜெக்டுக்குள் ஒளிந்திருப்பது. தேதி ஒரு கீயில், மாவட்டம் ஒரு கீயில், அணைகள் என்ற கீயில்தான் அரே என்று பல ஏபிஐக்கள் (டேட்டா தரும் சேவைகள்) தரும். வெளி ஆப்ஜெக்டின் மேல் ஃபார்ஈச் போட்டால், அது ஃபங்ஷன் அல்ல என்று எரர் வரும். ஃபார்-ஆஃப் போட்டால், இட்டரேட் செய்ய முடியாது என்று வரும். இந்த இரண்டும் நல்ல எரர்கள், எங்கே தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கின்றன. பழைய ஃபார் அப்படிச் சொல்லாது. ஆப்ஜெக்டுக்கு லெங்த் இல்லை, அதனால் அது அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பு தரப்படாதது. பூஜ்யம் அன்டிஃபைன்டைவிடச் சிறியதா என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான். லூப் ஒருமுறைகூட ஓடாமல், எரரும் இல்லாமல், வெற்றுப் பக்கம் வந்து நிற்கும். அரே.இஸ்அரே என்று ஒரு வரி போட்டுக் கன்சோலில் பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் எல்லாம் மிச்சம்.

சரி, அரே கையில் இருக்கிறது. இனி லூப்.

எண்ணிக்கை வைத்து ஓடும் பழைய ஃபார்

ஐ என்ற வேரியபிளைப் பூஜ்யத்தில் தொடங்கி, லெங்த் வரை ஒவ்வொன்றாக ஏற்றும் லூப் இது. 1995 முதல் ஜாவாஸ்கிரிப்டில் இருப்பது. கல்லூரியில் சி மொழி படித்தவர்களுக்குக் கை தானாக இதைத்தான் தட்டும். பெயர்களைக் கன்சோலில் காட்ட இதுவே போதும். ஆனால் எனக்கு அணையின் பெயர்தான் வேண்டும், ஐ என்ற எண் வேண்டாம். வேண்டாத ஒன்றை வைத்துக்கொண்டு அணைகள்[ஐ].பெயர் என்று ஒவ்வொரு முறையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. சிறியது என்று போட வேண்டிய இடத்தில் சிறியது அல்லது சமம் என்று போட்டுவிட்டால் கடைசிச் சுற்றில் அரேக்கு வெளியே போய், அன்டிஃபைன்டின் பெயரைப் படிக்க முடியாது என்று நின்றுவிடும்.

இதற்கென்று தனி இடம் ஒன்று உண்டு. பேச்சிப்பாறையின் மட்டம் தேதிவாரியாக ஒரு அரேயில் இருக்கிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை அடி ஏறியது என்று வேண்டும். இங்கே இன்டெக்ஸ்தான் (உறுப்பின் இட எண்) உயிர். ஒன்றிலிருந்து தொடங்கி, ஐ-யில் இருப்பதிலிருந்து ஐ மைனஸ் ஒன்றில் இருப்பதைக் கழித்தால் முடிந்தது. பின்னாலிருந்து முன்னால் வர, ஒன்றுவிட்டு ஒன்று எடுக்க, பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிட என்றால் தயங்காமல் இதை எடுங்கள். இல்லாவிட்டால் இது தேவையில்லை.

ஃபார்-இன் வேண்டாம்

அரேயின் மேல் ஃபார்-இன் போடாதீர்கள். பெயர் ஃபார்-ஆஃப் மாதிரியே இருப்பதால் பலர் இதில் போய் மாட்டுகிறார்கள். ஃபார்-இன் தருவது மதிப்பை அல்ல, கீயை. அரேயின் கீ என்றால் இன்டெக்ஸ், அதுவும் எண்ணாக வராது, ஸ்ட்ரிங்காக வரும். வரிசை எண் காட்டலாம் என்று அதோடு ஒன்றைக் கூட்டினால் 1, 2, 3 என்று வராமல் 01, 11, 21 என்று வரும். அரேயின் புரோட்டோடைப்பில் (எல்லா அரேக்களுக்கும் பொதுவான மூல ஆப்ஜெக்டில்) வேறொரு நூலகம் ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் உள்ளே நுழைந்துவிடும்.

டேட்டாவே ஆப்ஜெக்டாக வந்தால் கதை வேறு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டார், கிள்ளியூர் என்று தாலுகா பெயரே கீயாகவும், மழை அளவு மதிப்பாகவும் இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் ஃபார்-இன்னைவிட, 2017-இல் வந்த ஆப்ஜெக்ட்.என்ட்ரீஸ் நல்லது. கீயையும் மதிப்பையும் ஜோடி ஜோடியாக அரேயாக்கித் தரும். அதன் மேல் ஃபார்-ஆஃப் ஓட்டலாம், மேப்பும் ஓட்டலாம்.

ஃபார்ஈச்சா, ஃபார்-ஆஃபா?

உண்மையான போட்டி இங்கேதான். ஃபார்ஈச் 2009-இல் இஎஸ்5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரத்தோடு வந்தது, ஃபார்-ஆஃப் 2015-இல் இஎஸ்6-ஓடு. இடையில் இருந்த அந்த ஆறு வருடத்தில் எழுதப்பட்ட பாடங்களும் விளக்கங்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால், புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஃபார்ஈச்சைத்தான். ஐந்து அணைகளின் பெயரை வரிசையாகக் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால் இரண்டிலும் எழுதிப் பாருங்கள், ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்று இடங்களில் பாதை பிரிகிறது. அந்த மூன்றையும் பார்த்தால் என் ஓட்டு ஃபார்-ஆஃபுக்குத்தான்.

முதலாவது, நடுவில் நிறுத்துவது. முழு மட்டத்தின் 90 சதவீதத்தைத் தொட்ட முதல் அணையைக் கண்டதும் நிற்க வேண்டும் என்றால் ஃபார்-ஆஃபில் பிரேக் போடலாம். ஃபார்ஈச்சில் பிரேக் போட்டால் சின்டாக்ஸ் எரர். ரிட்டர்ன் போட்டால் அந்தச் சுற்று மட்டும் முடியும், லூப் தொடர்ந்து ஓடும். வெளி ஃபங்ஷனிலிருந்து மதிப்பைத் திருப்பித் தருவதாக நினைத்து ஃபார்ஈச்சுக்குள் ரிட்டர்ன் போட்டு, வெளியே அன்டிஃபைன்ட் வருகிறதே என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. உள்ளே இருப்பது தனி ஃபங்ஷன், அதன் ரிட்டர்ன் அதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, காத்திருப்பது. ஒவ்வொரு மழைமானி நிலையத்துக்கும் தனித்தனி முகவரியிலிருந்து டேட்டா எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூதப்பாண்டி, கொட்டாரம், தக்கலை, இரணியல், குளச்சல் என்று நிலையங்களின் அரே. ஃபார்ஈச்சுக்குள் ஏசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்து அதில் அவெய்ட் போட்டால், ஃபார்ஈச் எல்லாவற்றையும் தொடங்கிவிட்டு எதற்கும் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். மொத்த மழையைக் காட்டும் வரி அதற்குள் ஓடி, பூஜ்யம் என்று காட்டிவிடும். டேட்டா அதற்கப்புறம் மெதுவாக வந்து சேரும், ஆனால் பக்கத்தில் பூஜ்யம் அப்படியே நிற்கும். எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் கெட்ட விஷயம். ஃபார்-ஆஃபில் அவெய்ட் போட்டால் ஒவ்வொன்றும் முடிந்த பிறகுதான் அடுத்தது.

ஒவ்வொன்றாகக் காத்திருந்தால் நேரம் ஆகுமே என்றால், அது நியாயம். ஒன்றையொன்று சாராத வேலைகளுக்கு மேப் வைத்துப் பிராமிஸ்களின் அரேயை உண்டாக்கி, பிராமிஸ்.ஆல்-இடம் கொடுத்து ஒரே அவெய்ட் போடலாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் ஒன்று தோற்றாலும் பிராமிஸ்.ஆல் மொத்தமாகத் தோற்றுவிடும். மலையில் இருக்கும் ஒரு நிலையத்தின் டேட்டா வரவில்லை என்பதற்காகக் கடற்கரை ஊர்களின் மழையையும் காட்டாமல் விடுவது சரியில்லை. அதனால் இந்த மாதிரிப் பக்கங்களுக்கு 2020-இல் வந்த பிராமிஸ்.ஆல்செட்டில்ட் பொருத்தம். எது வந்தது, எது வரவில்லை என்று ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியாகத் தரும்.

மூன்றாவது சின்ன விஷயம். இன்டெக்ஸும் வேண்டும் என்றால் ஃபார்ஈச் அதை இரண்டாவது ஆர்குமென்ட்டாகவே தந்துவிடும். ஃபார்-ஆஃபில் அணைகள்.என்ட்ரீஸ் என்று கூப்பிட்டு ஜோடியாகப் பிரித்து எடுக்க வேண்டும். இதில் ஃபார்ஈச்சுக்குத்தான் வசதி. மற்ற இரண்டையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இது பெரிய வசதி இல்லை.

புதிய அரே வேண்டும் என்றால்

இதுவரை பார்த்தவை ஒவ்வொரு உறுப்பையும் வைத்து ஏதோ செய்யும் லூப்புகள். மேப், ஃபில்டர், ஃபைண்ட் வேறு வகை. என்ன செய்ய வேண்டும் என்பதைவிட என்ன கிடைக்க வேண்டும் என்பதைச் சொல்பவை. தேர்வு செய்வதற்கான கேள்வியையும் இங்கிருந்தே எடுக்கலாம்: லூப் முடிந்ததும் என் கையில் என்ன இருக்க வேண்டும்?

அதே நீளத்தில் இன்னொரு அரே வேண்டுமா? மேப். ஐந்து அணை போனால் ஐந்து பெயர் வரும்: அணைகள்.மேப்(அ => அ.பெயர்). காலி அரேயை முதலில் உண்டாக்கி, லூப்புக்குள் புஷ் செய்து நிரப்பும் வழக்கத்தை இந்த ஒரு வரி ஒழித்துவிடுகிறது. குறைவான உறுப்புகள் வேண்டுமா? ஃபில்டர்: அணைகள்.ஃபில்டர்(அ => அ.மட்டம் / அ.முழு >= 0.9). நம் டேட்டாவில் பேச்சிப்பாறை 93.75 சதவீதம், பெருஞ்சாணி கிட்டத்தட்ட 92.9 சதவீதம், மாம்பழத்துறையாறு முழுதாக, ஆக மூன்று வரும். சிற்றாறு இரண்டும் 80-க்குக் கீழே இருப்பதால் வராது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மட்டத்தின் சதவீதம் வேறு, கொள்ளளவின் சதவீதம் வேறு. அணை மேலே போகப் போக அகலும். 90 சதவீத உயரத்தில் இருக்கும் தண்ணீர் 90 சதவீதத் தண்ணீர் அல்ல. பக்கத்தில் அடி என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள், பார்க்கிறவர் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் ஃபைண்ட். ஃபில்டர் போட்டுப் பூஜ்யமாவது உறுப்பை எடுப்பதைவிட இது நேர்வழி, கண்டதும் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் அன்டிஃபைன்ட் தரும், அதைச் சோதிக்காமல் .மட்டம் என்று படிக்கப் போனால் எரர். ஆமா, இல்லை என்ற பதில் மட்டும் போதும் என்றால் சம் (some) அல்லது எவ்ரி (every). அபாய அறிவிப்புப் பட்டையைக் காட்டலாமா வேண்டாமா என்பதற்கு சம் போதும்.

மேப்பில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் சுருள் அடைப்பு. அம்புக்குறி ஃபங்ஷனில் சுருள் அடைப்பு போட்டுவிட்டால் ரிட்டர்ன் என்று நாமே எழுத வேண்டும். மறந்தால் ஐந்து அன்டிஃபைன்ட் உள்ள அரே வரும். ஆப்ஜெக்டைத் திருப்பித் தர நினைத்து அம்புக்குறிக்குப் பக்கத்திலேயே சுருள் அடைப்பு போட்டால் அதை ஃபங்ஷனின் உடலாக எடுத்துக்கொள்ளும். ஆப்ஜெக்டைச் சுற்றி ஒரு சாதா அடைப்பு போட்டால் சரியாகிவிடும்.

வரும் அரேயை யாரும் பயன்படுத்தாமல், வெறுமே சுற்றுவதற்காக மேப் போடும் வழக்கத்தையும் பார்க்கிறேன். வேண்டாம். மேப் என்று பார்த்ததும், ஒரு புதிய அரே வருகிறது, அது எங்கே போகிறது என்று படிக்கிறவர் தேடுவார். அவரை அலைய விடக் கூடாது.

கூட்டல்: மழையில்தான் கவனம்

மொத்த மழை வேண்டும். பாடப்புத்தகம் ரெடியூஸ் என்று சொல்லும். சேர்த்துக்கொண்டே போகும் ஒரு மதிப்பும் அந்தச் சுற்றின் உறுப்பும் தரப்படும், இரண்டையும் கூட்டி அனுப்பினால் கடைசியில் மொத்தம் வரும். தொடக்க மதிப்பாகப் பூஜ்யத்தைத் தர வேண்டும். தராமல் விட்டால், காலி அரே வரும் நாளில் டைப் எரர் கொடுத்துப் பக்கம் நின்றுவிடும்.

நம் ஐந்து அணைகளின் மழையை அப்படியே ரெடியூஸில் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தோடு "12.4" என்ற ஸ்ட்ரிங் சேரும்போது கூட்டல் நடக்காது, ஒட்டுதல்தான் நடக்கும்: 012.4. அடுத்து 012.48.6. காலி ஸ்ட்ரிங் எதையும் மாற்றாது. அப்புறம் பூஜ்யம் ஒட்டி 012.48.60. கடைசியில் நல் என்ற சொல்லே வாலில் ஒட்டிக்கொள்ளும். இதைப் பக்கத்தில் பார்த்தால் தப்பு என்று யாருக்கும் தெரியும், திருத்திவிடுவார்கள்.

திருத்தும் விதத்தில்தான் ஆபத்து. ஒவ்வொன்றையும் நம்பர் ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் மொத்தம் 21 என்று அழகாக வரும். ஐந்தால் வகுத்தால் சராசரி 4.2 மில்லிமீட்டர். பார்க்கச் சரியான எண், ஆனால் தவறான எண். காலி ஸ்ட்ரிங்கை நம்பர் பூஜ்யமாக்கும், நல்லையும் பூஜ்யமாக்கும். சிற்றாறு ஒன்றிலும் மாம்பழத்துறையாறிலும் மழை பெய்யவில்லை என்று டேட்டா சொல்லவில்லை. அங்கே அளவு வந்து சேரவில்லை என்றுதான் சொல்கிறது. அளவு உள்ள மூன்று இடங்களை மட்டும் எடுத்தால், சிற்றாறு இரண்டின் உண்மையான பூஜ்யத்தையும் சேர்த்து, சராசரி 7. நாலுக்கும் ஏழுக்கும் உள்ள தூரம் சின்னதல்ல. பலத்த மழை நாளில்தான் அளவுகள் வந்து சேராமல் போக வாய்ப்பு அதிகம், அதே நாளில்தான் சராசரியும் குறைத்துக் காட்டும். குழித்துறையில் ஒருவர் இந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்றால் இது விளையாட்டு விஷயமில்லை.

அதனால் கூட்டலுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம்: நல், அன்டிஃபைன்ட், காலி ஸ்ட்ரிங் மூன்றையும் கழித்துவிடுங்கள். அப்புறம் மேப்பில் நம்பராக மாற்றுங்கள். யாராவது சொல்லாக ஏதாவது எழுதியிருந்தால் என்ஏஎன் (NaN, எண் அல்ல என்ற மதிப்பு) வரும். அது ஒன்று நுழைந்தாலும் மொத்தமே என்ஏஎன் ஆகிவிடும், ஆகவே அதையும் கழிக்க வேண்டும். ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியிலும் கவனம் தேவை. "1,250" என்பதை நம்பர் என்ஏஎன் ஆக்கும், பார்ஸ்ஃபுளோட் ஒன்று என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். இந்த இரண்டில் என்ஏஎன்தான் மேல், தப்பு வெளியே தெரிகிறது.

இவ்வளவு சோதனையும் வேண்டும் என்றால், எல்லாவற்றையும் ரெடியூஸுக்குள் திணிப்பதைவிட ஃபார்-ஆஃபில் எழுதுவதே எனக்குப் பிடித்தது. வெளியே மொத்தம், எண்ணிக்கை என்று இரண்டு வேரியபிள். அளவு இல்லையென்றால் கன்டின்யூ, இருந்தால் இரண்டையும் கூட்டு. ஐந்தாறு வரி வரும், மேலிருந்து கீழே படித்தால் புரியும். ரெடியூஸ் ஒரே வரிக் கூட்டலுக்கு நன்றாக இருக்கிறது. அதற்குள் இஃப் நுழைந்தால் படிக்கச் சிரமம். சிலர் ரெடியூஸிலேயே ஆப்ஜெக்ட் கட்டி, தாலுகாவாரியாகப் பிரித்து எல்லாம் செய்வார்கள். அது திறமைதான், ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அந்த நிரலைத் திருத்தப் போகிறவர் வேறொருவராக இருக்கலாம்.

காட்டும் இடத்திலும் இதே பூஜ்யப் பிரச்சினை உண்டு. மழை இல்லாவிட்டால் தகவல் இல்லை என்று காட்ட, இரட்டைச் செங்குத்துக் கோடு (||) போட்டு மாற்று மதிப்பு தருவது பழைய வழக்கம். அது பூஜ்யத்தையும் இல்லாததாகவே எண்ணும். சிற்றாறு இரண்டில் உண்மையில் மழையே இல்லை, பக்கம் தகவல் இல்லை என்று சொல்லிவிடும். 2020-இல் வந்த இரட்டைக் கேள்விக்குறி (??) நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டும் மாற்று மதிப்பு தரும், பூஜ்யத்தைத் தொடாது. காலி ஸ்ட்ரிங்கையும் அது தொடாது என்பதால் அதை முன்னாலேயே நல்லாக மாற்றிவிடுங்கள்.

அரேக்குள் அரே

தாலுகாக்களின் அரே, ஒவ்வொரு தாலுகாவுக்குள்ளும் நிலையங்களின் அரே என்று வந்தால் இரண்டு வழி. ஃபார்-ஆஃபுக்குள் ஃபார்-ஆஃப், அல்லது ஃபிளாட்மேப். எல்லா நிலையங்களையும் ஒரே நீள்வரிசையாக்கிய பிறகு வேலை செய்யலாம் என்றால் ஃபிளாட்மேப் சுத்தம், தாலுகாக்கள்.ஃபிளாட்மேப்(த => த.நிலையங்கள்) என்று ஒரே வரி. தாலுகா பெயரைத் தலைப்பாகப் போட்டு அதன் கீழே நிலையங்களைக் காட்ட வேண்டும் என்றால் லூப்புக்குள் லூப்தான் இயல்பு. நிலையங்கள் என்ற கீயே இல்லாத தாலுகா ஒன்று வந்துவிட்டால் ஃபார்-ஆஃப் எரர் தரும். அங்கே த.நிலையங்கள் ?? [] என்று எழுதிவிட்டால் காலி அரேயாக எடுத்துக்கொண்டு கடந்துபோகும். மூன்று அடுக்குக்கு மேல் போனால் உள் வேலையைத் தனி ஃபங்ஷனாக வெளியே எடுத்துவிடுங்கள்.

வேகம்

எது வேகம் என்ற கேள்வி தவறாமல் வரும். எண்ணிக்கை வைத்து ஓடும் ஃபார் கொஞ்சம் முந்தும் என்று சோதனைகள் காட்டுவதுண்டு. மாவட்டம் முழுதும் உள்ள அணைகள், மழைமானிகள் எல்லாம் சேர்த்தாலும் சில பத்துப் பதிவுகள். இதில் லூப் வகையால் வரும் வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது. நெட்வொர்க்கில் டேட்டா வரும் நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஃபில்டர், மேப் என்று இரண்டு முறை சுற்றுகிறதே என்ற கவலையும் இந்த அளவில் வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். இரண்டு அரேக்களைப் பெயர் வைத்து இணைக்கும்போது, ஒரு லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஃபைண்ட் போடுவது. ஒன்றில் பல ஆண்டுகளின் தினசரி மழை, இன்னொன்றில் நிலைய விவரம் என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டாவது அரேயை முதலிலிருந்து தேட வேண்டிவரும். மேப் என்ற மெத்தட் அல்லாமல் மேப் என்ற பெயரிலேயே இருக்கும் டேட்டா அமைப்பில் நிலையங்களை முதலில் ஏற்றிவிட்டு, கெட் என்று எடுத்தால் தேடலே இல்லை.

பெயர் வைத்து இணைக்கும்போது தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கொட்டாரம் என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ஒற்றைக் குறியீடாக ஒன்று, எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இன்னொன்று. தோவாளையின் தோவும் அப்படித்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு ஸ்ட்ரிங். ஃபைண்ட் அன்டிஃபைன்ட் தரும், கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் காரணம் தெரியாது. டேட்டா உள்ளே வந்ததும் ஒவ்வொரு பெயரின் மேலும் நார்மலைஸ் மெத்தடை ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியைக் கழிக்க ட்ரிம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை இன்று எழுத உட்கார்ந்தால் நான் இப்படித்தான் செய்வேன். டேட்டா வந்ததும் ஒரே ஒரு மேப்பில் பெயர்களை நார்மலைஸ் செய்து, காலி மழையை நல்லாக்கி, மற்றதை எண்ணாக்கிச் சுத்தமான அரே ஒன்றை உண்டாக்குவேன். அதன் பிறகு எல்லா வேலையும் அந்தச் சுத்தமான அரேயின் மேல்தான். எச்சரிக்கைப் பட்டியலுக்கு ஃபில்டர், அட்டவணை வரிசைகளுக்கு மேப், சராசரிக்கு ஃபார்-ஆஃப், நேற்று இன்று ஒப்பீட்டுக்குப் பழைய ஃபார். தாலுகாவாரியாகப் பிரிக்க ஆப்ஜெக்ட்.குரூப்பை (groupBy) வசதியானது, ஆனால் அது 2024-இல்தான் தரத்தில் சேர்ந்தது. பழைய ஆண்ட்ராய்டு போனில் பிரவுசரைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கத்தைத் திறப்பார்கள் என்பதால், இப்போதைக்கு அந்த இடத்திலும் ஃபார்-ஆஃபிலேயே எழுதிவிடுவேன்.